இடக்கைக்காரருக்கு ஒரு திறீ நொட் திறீ

எங்கள் சுடுகழகத்தின் புதிய செயலாளர் போன மாதம் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். கழக மலருக்கு ஒரு பக்கக் கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே தந்திருந்தார்கள்: ‘இடக்கைக்காரர் பழைய ரவையில் சுட விரும்பினால் உள்ள தெரிவுகள்’. புதிதாகச் சேர்ந்தவர்களில் மூன்று பேர் இடக்கையாம். காற்றுத் துப்பாக்கியில் பிரச்சினை இல்லை. இப்போது வந்திருப்பவற்றின் பிடியைக் கழற்றி மற்றப் பக்கம் பூட்டலாம். ஆனால் அந்த மூவருக்கும் பழைய .303 போட்டியில்தான் ஆசை. “உங்கள் இனிய அனுபவங்களையும் சேருங்கள் அக்கா” என்று முடித்து ஒரு பூவும் போட்டிருந்தார்.

இனிய அனுபவம் கேட்க நல்ல ஆளைப் பிடித்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருடம் அந்தக் கழகத்தின் துப்பாக்கிகளைப் பராமரித்துவிட்டு, முப்பத்தாறு வயதில் மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றவள் நான். என் இடது காதில் ஒரு சில்வண்டு இருக்கிறது. அது ஓய்வதில்லை. அந்தப் பக்கமிருந்து யாராவது கதைத்தால் வாய் அசைவது தெரியும், கேட்பது சில்வண்டுதான். அது அங்கே குடிவந்த கதையும் கேட்ட தலைப்புக்குள் அடங்குவதால் சேர்த்தே எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்குள் அடங்காது. வேண்டுமானால் பூவை எடுத்துவிட்டு இடம் பிடிக்கட்டும்.

முதலில் பட்டியல். .303 என்பது வெள்ளைக்காரன் காலத்து ரவை, அதாவது தோட்டா. எங்கள் வாயில் திறீ நொட் திறீ. அதைச் சுடும் துப்பாக்கியின் வலப்பக்கத்தில் போல்ட்டின் கைபிடி இருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் அதைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, வெடித்த ரவையின் வெற்றுக் கோதை வெளியே எறிந்து, முன்னுக்குத் தள்ளி அடுத்த ரவையை ஏற்றவேண்டும். வலக்கைக்காரருக்கு வலக்கை அங்கேயே இருக்கிறது. மற்றவருக்கு உள்ள வழிகள் இவை.

ஒன்று: அதே துப்பாக்கியை இடத்தோளில் வைத்து, ஒவ்வொரு முறையும் இடக்கையை விசையிலிருந்து எடுத்து, துப்பாக்கிக்கு மேலால் வளைத்து வலப்பக்கப் போல்ட்டைப் பிடிப்பது. இதைத்தான் எல்லாரும் ‘பழகினால் சரிவரும்’ என்கிறார்கள். சட்டையை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு பொத்தான் பூட்டவும் பழகலாம். பிரச்சினை பழக்கத்தில் இல்லை. பழைய ரவை பிசகினால் வாயுவும் பித்தளைத் துண்டும் வெளியேறும் வழி வலப்பக்கத்தில் இருக்கிறது. இடத்தோளில் சுடுகிறவரின் முகமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டு: போல்ட் இடப்பக்கத்தில் உள்ள .303. அது படைக்காகச் செய்த துப்பாக்கி. படை ஆளைத் துப்பாக்கிக்கு ஏற்ப மாற்றியதே தவிர, துப்பாக்கியை ஆளுக்கு ஏற்ப மாற்றவில்லை. நான் ஒன்றையும் கண்டதில்லை. கண்டதாகச் சொல்பவர்களிடம் படம் கேட்டால், சாதாரணத் துப்பாக்கியின் படத்தை இடம் வலமாகத் திருப்பி அனுப்புகிறார்கள். அதில் எழுத்துகளும் திரும்பியிருப்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

மூன்று: இக்காலத்து இடக்கைத் துப்பாக்கி ஒன்றுக்கு .303 குழல் மாட்டுவது. ரவையின் அடியில் விளிம்பு இருப்பதால் போல்ட்டின் முகத்தையும் ரவைக்கூட்டையும் மாற்றவேண்டும். மாற்றலாம். இறக்குமதி அனுமதிக்கு இன்றே விண்ணப்பித்தால் உங்கள் பேரப்பிள்ளை சுடலாம். அந்தப் பிள்ளையும் இடக்கையாகப் பிறக்கவேண்டும்.

நான்கு: நெம்பை இழுத்துச் சுடும் அமெரிக்க வகை. படத்தில் அழகு. இந்தத் தீவில் .303 இல் ஒன்று இருந்தால் எனக்குத் தெரியாது.

ஐந்து: மார்ட்டினி. நூறு வருடத்துக்கும் மேற்பட்ட, ஒரு தடவைக்கு ஒரு ரவை மட்டும் போடுகிற துப்பாக்கி. போல்ட் கிடையாது. விசைக்குப் பின்னால் கீழே ஒரு நெம்பு. அதைக் கீழே தள்ளினால் உள்ளேயுள்ள இரும்புக் கட்டை இறங்கும். ரவையை மேலிருந்து வைத்துப் பெருவிரலால் தள்ளி, நெம்பை மேலே இழுத்தால் கட்டை ஏறி மூடும். எல்லாம் நடுக்கோட்டில் நடக்கும். செய்தவர்கள் இடக்கைக்காரரை நினைத்துச் செய்யவில்லை. நினைக்காததால்தான் சரியாக வந்திருக்கிறது.

எங்கள் கழகத்தில் ஒரு மார்ட்டினி இருந்தது. தலைவரின் கதிரைக்குப் பின்னால், கண்ணாடி அலுமாரிக்குள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திர வேலை படித்தேன். பிறகு தெற்கே ஒரு பட்டறையில் ஆறு மாதம் துப்பாக்கிப் பராமரிப்பு. அளக்காமல் நம்பாதே, அளந்ததை எழுதாமல் விடாதே, கையெழுத்து வைத்த பிறகு ‘நினைத்தேன்’ என்று சொல்லாதே: ஆறு மாதத்தில் அங்கே படித்தது இவ்வளவுதான். துப்பாக்கியை எங்கள் பேச்சில் துவக்கு என்போம். அந்தச் சொல்லைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற ஊரில் மகள் இந்த வேலைக்குப் போகிறாள் என்பதை அம்மா அயலில் சொல்லவில்லை. ‘மெசின் வேலை’ என்று சொல்லிவைத்தார். தையல் மெசின் என்று நினைத்துச் சிலர் சட்டை தைக்கத் துணியும் கொண்டுவந்தார்கள்.

தலைவருக்கு அப்போதே எழுபது தாண்டியிருந்தது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் மூன்று பேனை, கண்ணாடி அலுமாரியைப் பூட்டுகிற திறப்பு. யாராவது ஒரு விடயத்தோடு போனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்குவார். துடைத்து முடியுமட்டும் வந்தவர் கதைக்கலாம். கண்ணாடி மூக்கில் ஏறினால் பேச்சு முடிந்தது. பிறகு ஒரே பதில்தான்: “சமாளிப்பம்.”

சுடுதளக் கூரை ஒழுகியபோது சமாளிப்பம். காது மூடிகளில் பாதி கிழிந்தபோது சமாளிப்பம். என் வயதை விட மூத்த ரவைப் பெட்டிகள் வந்திறங்கி, அவற்றில் பத்துக்கு ஒன்று பச்சைக் களிம்பு பிடித்திருந்ததை நான் காட்டியபோதும் சமாளிப்பம். அந்தச் சொல் பன்மை. சமாளித்தவர் எப்போதும் ஒருமை. சுடுதளப் பொறுப்பாளர் இன்பம் அண்ணை, மானிப்பாயிலிருந்து சைக்கிளில் வருகிறவர், ஒருநாள் சொன்னார்: “உந்தாள் பிள்ளையாருக்கும் தேங்காய் உடைக்கிறன் எண்டு நேர்த்தி வைக்கமாட்டுது. சமாளிப்பம் எண்டுதான் நேரும்.”

மார்ட்டினி அவருடைய சொந்தப் பொருள் அல்ல. கழகத்தின் உரிமப் பத்திரத்தில் பதின்மூன்றாம் இலக்கமாக இருந்தது. மற்றப் பன்னிரண்டும் என் பொறுப்பில். இதை மட்டும் யாரும் தொடக்கூடாது. அதன் இரும்புக் கட்டையைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றி ஆயுத அறையில் வைத்திருந்தோம். குழலும் மரமும் அலுமாரியில் நிமிர்ந்து நின்றன. வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவார். அது எந்த ஆண்டில் செய்தது என்பது, கேட்பவரின் தகுதியைப் பொறுத்துப் பின்னுக்குப் போகும்.

ஆயுத பூசைக்கு எல்லாத் துவக்குகளையும் நிறுத்திவைத்துத் தலைவர் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைப்பார். எங்கே வைப்பது? மரக்கட்டையில் வைத்தால் கறை பிடிக்கும். போல்ட்டில் வைத்தால் நான் முறைப்பேன். நிறுத்தி வைத்த துவக்குக்கு உச்சியில் இருப்பது குழல் வாய். அதுதான் துவக்கின் நெற்றி என்பது அவர் முடிவு. சந்தனத்தைக் குழைத்துப் பெருவிரலால் அமர்த்தி வைப்பார். அடுத்த நாள் முழுவதும் நான் பன்னிரண்டு குழல்களையும் துடைப்பேன். வருடா வருடம் துடைத்துக்கொண்டே திட்டுவேன். பதின்மூன்றாவதை நினைக்கவில்லை. அது சுடுகிற துவக்கு அல்ல என்பதால் என் பட்டியலில் இல்லை. அந்தப் பிழை என்னுடையது; வேறு யார் தலையிலும் போடவில்லை.

தர்சிகா நெல்லியடியைச் சேர்ந்த பிள்ளை. இங்குள்ள திருநெல்வேலியில் அறை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள். கழகத்தில் சேரும்போது எல்லாரையும் போல ஒரு படிவம் நிரப்பினாள். அதில் நான்காவது கேள்வி: ‘எழுதும் கை?’ அவள் ‘வலது’ என்று எழுதினாள். வலக்கைக்காரர் வரிசையில் விட்டார்கள். ஆறு மாதம் சுட்டாள். ரவைகள் கடதாசியில் எங்கெங்கோ போய்ப் பட்டன. பிள்ளைக்குக் கவனம் இல்லை, கைத்தொலைபேசி கூடிப்போச்சு என்று தலைவர் தீர்ப்பு எழுதினார்.

ஒருநாள் சுட்ட பிறகு துப்புரவு செய்யும் முறையைக் காட்டிக்கொண்டிருந்தேன். போல்ட்டைக் கழற்றி, குழலை வெளிச்சத்துக்குப் பிடித்து, உள்ளே பார் என்று அவளிடம் கொடுத்தேன். அவள் இடது கண்ணை வைத்தாள். திரும்பப் பார் என்றேன். திரும்பவும் இடது கண். அதே கையோடு, கீழே கிடந்த துணியை இடக்கையால் எடுத்து, கம்பியை இடக்கையால் தள்ளினாள். நீ எந்தக் கைக்காரி என்று கேட்டேன்.

“சோத்துக்கைதான் அக்கா.”

“சாப்பிடுறதைக் கேக்கேல்லை. தேங்காய் துருவுறது எந்தக் கை?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். வீட்டில் யாரும் பார்க்காவிட்டால் மற்றது என்றாள். கூட்டுவது, கத்தி பிடிப்பது, கல் எறிவது எல்லாம் மற்றது. விசயதசமி அன்று ஏடு தொடக்கும்போது ஐயர் வலக்கையைப் பிடித்துத்தான் அரிசியில் எழுதுவித்தார். அதற்குப் பிறகு எழுத்து வலது. சோறு கேட்கவே தேவையில்லை. இந்த ஊரில் எழுதும் கையைக் கேட்டால் யாரும் தன் கையைச் சொல்லமாட்டார்கள். வளர்த்தவர்களின் கையைத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்ட கேள்வியை நம்பி ஒரு கழகம் ஆளுக்குத் துவக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. என் கண் முன்னாலேயே.

அடுத்த நாளே பயிற்சிக்கான சின்ன ரவைத் துவக்கை, .22 ஐ, இடத்தோளில் வைத்துச் சுடவைத்தேன். நான்கு வாரத்தில் அவளுடைய பத்து வெடிகளும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. தலைவர் கடதாசியைப் பார்த்துவிட்டு, கைத்தொலைபேசியைக் குறைத்திட்டாள் போல என்றார்.

மாகாண அணிக்கான தெரிவு கார்த்திகையில். நான்கு இடம். போட்டி .303 இல், இருநூறு யார் தூரம், படுத்த நிலையில் அவசரமில்லாமல் ஆறுதலாகப் பத்து வெடி. அவளுக்கு அந்த இடம் வேண்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருமுறை கேட்டேன். “சின்னனிலையிருந்து எல்லாத்தையும் கை மாத்தித்தானே அக்கா செய்யிறன். ஒண்டையாவது என்ரை கையாலை செய்து காட்டவேணும்” என்றாள்.

இடக்கைக்கு .303 இல்லை, மார்ட்டினியைத் தாருங்கள் என்று தலைவரிடம் போனேன். கண்ணாடி துடைபட்டது. அது கழகத்தின் அடையாளம், சாமி மாதிரி என்றார். மேலால் கையை விட்டு போல்ட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள் என்றார். கண்ணாடி ஏறியது.

ஆகவே அவள் மேலால் கையை விட்டுச் சுடப் பழகினாள். நான் அவளுக்கு ஒரு விதியை மூன்று கிழமை ஒப்பிக்க வைத்தேன். விசையை இழுத்து ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தால் அசையாதே. குழல் இலக்கையே பார்க்கட்டும். முப்பது எண்ணு. அதற்குப் பிறகுதான் போல்ட். பழைய ரவை பிந்தியும் வெடிக்கும். திறந்த போல்ட்டோடு வெடித்தால் அந்தப் பக்கம் இருக்கும் முகம் உன்னுடையது.

ஆடி மாதத்தில் ஒரு பின்னேரம். அவள் படுத்திருக்கிறாள். நான் அவளுக்கு வலப்பக்கத்தில் குந்தியிருக்கிறேன். தலைவர் இரண்டு விருந்தினர்களோடு பின்னால் நிற்கிறார். ஏழாவது ரவைக்கு ‘டிக்’. அவள் அசையவில்லை. பின்னாலிருந்து தலைவர் ஏதோ சொல்வது போலிருந்தது. என்னவென்று கேட்க இடது காது மூடியைத் தூக்கினேன். அவர் சொன்னது இது: “ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம் பிள்ளை. கழட்டி எறிஞ்சுபோட்டு அடுத்ததைப் போடுங்கோ.”

கிழிந்த காது மூடியோடு படுத்திருந்த அவளுக்கும் அது கேட்டது. தலைவர் சொன்னால் செய்கிற வளர்ப்பு. கை விசையிலிருந்து எழும்பியது. நான் என் கையைப் போல்ட்டின் மேல் அமர்த்தினேன். இரண்டு எண்ணியிருக்கமாட்டேன், வெடித்தது.

அவளுக்கு ஒன்றும் இல்லை. எனக்கும் கையில் ஒன்றும் இல்லை. காதில் அன்றைக்கு வந்த சத்தம் இன்னும் போகவில்லை. தலைவர் விருந்தினர்களுக்கு, பழைய ரவை, கொஞ்சம் சுணங்கும் என்று விளக்கினார். பஸ் சுணங்குவதைச் சொல்வது போல.

அதற்குப் பிறகு அவளை அந்தத் துவக்கில் சுடவிட நான் கையெழுத்து வைக்கவில்லை. வேறு ரவையும் இல்லை. வேறு துவக்கும் இல்லை. தெரிவுக்கு மூன்று மாதம் இருந்தது. அவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ்ஸில் வந்து, வெறும் .22 ஐச் சுட்டுவிட்டுப் போனாள். அலுமாரியைப் பார்ப்பதில்லை. நான்தான் பார்த்தேன்.

தலைவர் மனம் மாறினார். என்னுடைய மூன்று கடிதங்களால் அல்ல. கழகத்தைப் பற்றி எழுதப் பத்திரிகையிலிருந்து ஒரு படப்பிடிப்பாளர் வருவதாகத் தகவல் வந்தது. பழைய துவக்கோடு ஒரு பெண்பிள்ளை நின்றால் படம் நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விசயதசமி நல்ல நாள், முதல் வெடியை அன்றைக்கு வைப்போம் என்றார். தர்சிகாவிடம் சொன்னேன். “அதே நாளிலைதானே அக்கா என்ரை கையையும் மாத்தினவை” என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். இடது பக்கத்தில் நின்றாள்; சொன்னதையே இரண்டாம் தரம் கேட்டுத்தான் வாங்கினேன்.

விசயதசமி காலை. முதல் நாள் பூசை முடிந்து துவக்குகளெல்லாம் நெற்றியில் பொட்டோடு நின்றன. தலைவர் பட்டு வேட்டியில் வந்து, அலுமாரியைத் திறந்து, மார்ட்டினியை இரண்டு கையாலும் எடுத்து, கோயிலில் பிரசாதம் கொடுப்பது போல அவளிடம் நீட்டினார். படப்பிடிப்பாளர் எடுத்தார். அவள் வாங்கியதும் நேரே என்னிடம் தந்தாள். சரியான பழக்கம். நான் இரும்புக் கட்டையைப் போட முதல், பின்பக்கத்தால் குழலுக்குள் பார்த்தேன்.

உள்ளே விடியவில்லை.

வெளியே வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

“குழல் அடைச்சிருக்கு ஐயா.”

“பழசெல்லோ தங்கச்சி. மங்கலாத்தான் இருக்கும்.”

“மங்கல் இல்லை. அடைப்பு. இதோடை சுட்டா குழல் வெடிக்கும்.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். படப்பிடிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைத் தலைவரும் பார்த்தார். கண்ணாடி ஏறியது. “ஒரு வெடி வைச்சா அது தன்பாட்டிலை பறந்திடும். சமாளிப்பம்.”

நான் வாய் திறக்க முதல் தர்சிகா கேட்டாள்: “ஆர் ஐயா சமாளிக்கிறது? உதிலை முகத்தை வைக்கப்போறது நான்.”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரல். இன்பம் அண்ணை போய் ஒரு மேசையும் துப்புரவுக் கம்பியும் கொண்டுவந்து வைத்தார். மேசையில் ஒரு வெள்ளைத் துணியையும் விரித்தார். அதை நான் கேட்கவில்லை.

பின்பக்கத்தால் கம்பியை விட்டேன். வாய்க்கு இரண்டு விரல் இருக்க நின்றது. தள்ளினேன். நகரவில்லை. எண்ணெய் விட்டுக் கால் மணித்தியாலம் பொறுத்தோம். தலைவர் எண்ணெய் ஊறும் நேரத்தில் படப்பிடிப்பாளருக்குக் கழக வரலாறு சொன்னார். மறுபடி தள்ளியபோது வாயால் வந்து துணியில் விழுந்தது. பென்சில் மொத்தத்தில், விரலின் இரண்டு கணு நீளத்தில், கல்லுப் போல ஒரு கட்டி.

“உது என்ன, தொதலோ?” என்றார் படப்பிடிப்பாளர், இனிப்புத் துண்டைப் பார்ப்பது போல.

கத்தியால் குறுக்கே வெட்டிக் காட்டினேன். மஞ்சள், சிவப்பு, மஞ்சள், சிவப்பு. ஒரு சந்தனம், ஒரு குங்குமம், ஒரு வருடம். தலைவர் பதவியில் இருந்த காலத்தை அதில் எண்ணலாம். இன்பம் அண்ணை எண்ணத் தொடங்கினார். நான் அவர் காலை மிதித்தேன்.

கட்டி இருந்த இடத்தில் குழலின் உட்புறம் அரித்துப் போயிருந்தது. சந்தனம் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். ரவை வெளியேறும் கடைசி இடம் அப்படி இருந்தால் பத்து வெடியும் பத்துத் திசையில் போகும். படம் எடுத்த அளவில் அன்றைய விழா முடிந்தது. அவள் திரும்பவும் .22 ஐ எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். தெரிவுக்கு ஐந்து கிழமை.

அன்று பின்னேரமே சிவப்பு அட்டையை எடுத்தேன். எங்கள் உரிமத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. சுடத் தகுதியற்றது என்று அட்டை விழுந்த துவக்கை முப்பது நாளுக்குள் திருத்தவேண்டும். இல்லாவிட்டால் அழிப்பதற்கு ஒப்படைக்கவேண்டும். அலுமாரியில் நிற்கலாம் என்று அதில் ஒரு வரியும் கிடையாது. இத்தனை வருடத்தில் தலைவர் வாசிக்காத பத்திரம் அது. நான் அதை மேசையில் வைத்து, வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு, மற்றப் பக்கம் திருத்த அனுமதிக் கடிதத்தையும் வைத்தேன்.

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

“காரணம் எண்டதிலை என்ன எழுதியிருக்கிறீர்?”

“சந்தனம்.”

“தூசி எண்டு போடுங்கோவன்.”

சந்தனம் என்பதற்குக் கீழே இன்னொரு வரியில் குங்குமம் என்றும் எழுதிக் காட்டினேன். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். மூன்று பேனையில் இரண்டு எழுதவில்லை.

திருத்திய முறையைப் புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழல் வாயின் உட்புறத்தை, அரிப்பு இருந்த ஆழத்துக்கு, ரவையை விடக் கொஞ்சம் அகலமாக லேத்தில் கடைந்தேன். கெட்ட பகுதியை ரவை தொடாமல் போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது; குறிக்காட்டியையும் தொடத் தேவையில்லை. ரவையறையை வார்ப்பெடுத்து அளந்தேன். இரும்புக் கட்டை மூடும் இடைவெளியை அளவுத்தகட்டால் பார்த்தேன். துவக்கை மரவாங்கில் கட்டி, மண்மூட்டைக்குப் பின்னால் நின்று கயிற்றால் இழுத்து ஐந்து வெடி. ஒவ்வொரு வெடிக்கும் கோதை அளந்தேன். எல்லாம் பச்சைக் கொப்பியில் எழுதினேன். பிறகு பச்சை பிடிக்காத ரவைகளாகப் பார்த்து நூற்றிருபது பொறுக்கி அவளுக்கு ஒதுக்கினேன். இதில் எதையும் ஒருவரும் சமாளிக்கவில்லை.

தெரிவு நாளில் அவளுக்கு நான்காவது ரவை ‘டிக்’. நான் பார்வையாளர் பக்கத்தில் நின்றேன். அவள் அசையவில்லை. பக்கத்தில் சுட்டவர்கள் மூன்று நான்கு வெடி வைத்து முடிக்குமட்டும் அப்படியே கிடந்தாள். முப்பது. நெம்பைக் கீழே தள்ளினாள், ரவையை வெளியே எடுத்துத் தனியாக வைத்தாள், அடுத்ததைப் பெருவிரலால் தள்ளினாள். இடக்கைப் பெருவிரல். கடைசியில் நான்கு இடத்தில் மூன்றாவது.

பாராட்டு விழாவில் தலைவர் பேசினார். இப்படி ஒரு பிள்ளை வரும் என்றுதான் கழகம் அந்தத் துவக்கை இவ்வளவு காலம் பொத்திப் பாதுகாத்ததாம். கைதட்டினார்கள். தர்சிகா எனக்கு வலப்பக்கத்தில் இருந்ததால் அவள் சொன்னது கேட்டது: “பொத்தினது உண்மைதான் அக்கா. இரண்டு விரல் அளவுக்கு.”

ஆகவே செயலாளருக்கு என் பதில்: உங்கள் மூவருக்கும் உள்ள தெரிவு ஐந்தாவது மட்டும். துவக்கு நல்ல நிலையில் இருக்கிறது; அளவுகள் பச்சைக் கொப்பியில் இருக்கின்றன. முதலில் அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்து, நீங்கள் அனுப்பிய புதிய இணையப் படிவத்தைப் பார்த்தேன். வடிவாக இருக்கிறது. நான்காவது கேள்வி இன்னும் ‘எழுதும் கை?’ அதைத் தூக்கிவிட்டு, குழலைக் கொடுத்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பேர் என்கிறீர்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆறு ஏழு பேர் இருப்பார்கள்.

என்னுடைய கடைசி ஆயுத பூசையோடு முடிக்கிறேன். காது வைத்தியரின் அறிக்கை அந்தக் கிழமைதான் வந்திருந்தது. பூசைக்கு முதல் நாள் தர்சிகா ஒரு கடதாசிப் பை நிறையப் போத்தல் தக்கைகளோடு ஆயுத அறைக்கு வந்தாள். இன்பம் அண்ணை சேர்த்துக் கொடுத்தவையாம். இவ்வளவு தக்கை எங்கால் அண்ணை என்று கேட்டதற்கு, மருந்துப் போத்தல் பிள்ளை என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் பார்த்தாராம். அவள் நிலத்தில் இருந்து, கத்தியை இடக்கையில் பிடித்து, ஒவ்வொன்றையும் குழலுக்கு அளவாகச் சீவினாள். நான் ஒவ்வொன்றாகப் போட்டு இறுக்கம் பார்த்தேன். பட்டியலில் ஒரு வரி கூட்டினேன்: பூசைக்கு முன் தக்கை, பூசைக்குப் பின் எண்ணிக்கை.

அடுத்த நாள் தலைவர் பட்டு வேட்டியோடு வந்தார். வரிசையைப் பார்த்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்து, பெருவிரலால் தொட்டு, பதின்மூன்று தக்கைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார்.